முதல் கூவல்

லூர்துராணி வாயைத் திறந்தாள். சேவல் கூவிவிட்டது.

ஸ்தனிஸ்லாஸ் விழித்துப் பார்த்தபோது மேலே ஓட்டுக் கூரையும் சுவரில் மாதா படமும்தான் இருந்தன. மனைவியைக் காணோம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை; அவள் இறந்து ஒன்றே கால் வருஷம் ஆகியிருந்தது. ஆனால் விடியற்காலைக் கனவில் மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

தென்னூர் வீட்டின் அதே கொல்லை, அதே முருங்கை மரம். அதன் அடியில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். அங்கே வெயிலும் இருக்காது, நிழலும் இருக்காது. அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கும். முருங்கைப் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் தரைக்கு வந்து சேராது. அவர் பக்கத்தில் போய் உட்காருவார். அவள் கல் தேடுவதை நிறுத்தாமலே, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பாள். "சொல்லேன்" என்பார். அவள் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்துக் காதருகே ஒரு கூவல் கிளம்பும். அதைத் தொடர்ந்து கொல்லை முழுவதும் கூவும். முறம், அரிசி, லூர்துராணி எல்லாம் போய்விடும்.

கனவுதானே என்று அவரால் விட்டுவிட முடியவில்லை. புத்தூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்த கடைசி நாள் சாயங்காலம் அவள் நிஜமாகவே அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தாள். பேசினால் களைப்பாகிவிடும், காலையில் சொல்லலாம், இப்போது தூங்கு என்று போர்வையை இழுத்துவிட்டு வந்தவர் இவர்தான். காலையில் அவள் இல்லை. பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்தவள் கடைசியாகச் சொல்ல நினைத்ததைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்பது அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. இப்போது அவளே வலிய வந்து சொல்கிறேன் என்கிறாள். சேவல்கள் விடுவேனா என்கின்றன.

அவர் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பால்காரன் மூக்கன் வழக்கம்போல மாட்டை வாசலிலேயே கட்டிக் கறந்துகொண்டிருந்தான்.

"தொண்டை கட்டியிருக்குங்களாய்யா?" என்று நிமிராமலே கேட்டான்.

ஒர்க்‌ஷாப் இரும்புத் தூசு என்றார் ஸ்தனிஸ்லாஸ். கோவில் பாடல் குழுவில் உச்சஸ்தாயி பாடுகிறவர் அவர். சமீப காலமாகக் காலை நேரத்தில் குரல் எழும்புவதில்லை. மூக்கன் தலையை ஆட்டிக்கொண்டே கறந்தான்.

கொல்லையில் சேவல்கள் பதினொன்று, பெட்டைகள் நான்கு. இந்த விகிதாசாரம் எப்படி ஏற்பட்டது என்பதற்கு ஒரு வார்த்தை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டைம் ஆபீஸ் குமாஸ்தா ஸ்தனிஸ்லாஸ். கேட்டில் தொழிலாளிகள் போடுகிற பித்தளை வில்லையின் நம்பரைச் சொன்னால் ஆளின் பெயர், வேலை, மாமனார் ஊர் வரை ஒப்பிப்பார். ஆனால் குஞ்சில் எது சேவல் எது பெட்டை என்று மட்டும் தெரியாது. அது லூர்துராணியின் இலாகா. இரண்டு மாதக் குஞ்சுகளை அவள் ஒரு நோட்டம் விடுவாள். அதிகப்படிச் சேவல்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஒவ்வொன்றாக ஓய்வு பெறும். குழம்பைச் சாப்பிட்டவர் விவரம் கேட்டதில்லை. அவள் போன பிறகு மூன்று ஈடு குஞ்சு பொரித்துவிட்டது, பொறுக்கி எடுக்க ஆளில்லை. அவள் கையில் தீனி தின்ற கோழிகளின் பிள்ளைகள் என்பதால் கத்தியைத் தொடமாட்டேன் என்று இவர் உறுதியாக இருந்தார். அதுகளோ இவருடைய உறுதியைத் தெரிந்துகொண்டு வளர்ந்தன.

நாலு பெட்டைகளுக்கும் முதுகில் இறகு மிச்சமில்லை. ஒன்று பகலெல்லாம் கிணற்றடித் தவலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், இன்னொன்று முருங்கை மரத்திலேயே குடியேறிவிட்டது. சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கொண்டை கிழிந்து திரிந்தன. முட்டை என்ற பொருளை ஸ்தனிஸ்லாஸ் கண்ணால் கண்டு பல நாளாயிற்று.

அவர் மானஸ்தர். பக்கத்து வீட்டு ஹபீபுல்லா பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பாய் பெரிய கடைவீதியில் தொப்பிக்கடை வைத்திருந்தவர், சாந்தமான மனிதர்.

"தினம் விடியறதுக்குள்ள உங்க வீட்டையே எழுப்பிடுது பாய். எனக்கே வெக்கமா இருக்கு."

பாய் தம் மனைவி ஷரபுன்னிசாவைப் பார்த்தார். ஷரபுன்னிசா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"அதனால என்ன சார், சுபுஹ் தொழுகைக்கு எழுந்திரிச்சுத்தானே ஆகணும். எங்களுக்கு உபகாரம்தான்" என்றார் பாய்.

எவ்வளவு பெரிய மனசு என்று ஸ்தனிஸ்லாஸ் உருகிப்போனார். அந்த உருக்கத்தில்தான், இனிமேல் ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

முதல் யோசனை அமிர்தராஜ் சொன்னது. அவன் வேகன் ஷாப்பில் தச்சன். சேவல் கூவ வேண்டுமானால் கழுத்தை நீட்டியாக வேண்டும், நீட்ட இடம் கொடுக்காவிட்டால் சத்தம் வராது என்று விளக்கினான். பழைய பலகையில் முழங்கால் உயரத்தில் நீளமான பெட்டி ஒன்று செய்து மேலே தகரம் அடித்துக் கொடுத்தான். சாயங்காலம் பதினொன்றையும் பிடித்து அதற்குள் திணிப்பதற்குள் ஸ்தனிஸ்லாஸின் கையெல்லாம் கீறலாகிவிட்டது.

அன்று கனவில் லூர்துராணி ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். அதற்குள் கூவல் வந்துவிட்டது.

பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தங்கள் தகரத்தில் மோதிக் கரகரத்துக் கொடூரமாக இருந்தன. தெருக்கோடி நாய் பதிலுக்கு ஊளையிட்டது. ஆனால் அவரை எழுப்பிய முதல் கூவல் மட்டும் தெளிவாக, திறந்த வெளியில் நின்று கூவினாற்போல இருந்தது. ஒன்று தப்பித்துவிட்டதோ என்று பெட்டியைத் திறந்து எண்ணினார். பதினொன்றும் இருந்தன. திறந்த கதவை மூடுமுன் பதினொன்றும் வெளியே வந்துவிட்டன.

கோபித்துக்கொள்ளக் கூடாது என்றாளே, அது என்னவாக இருக்கும்? அன்று டைம் ஆபீசில் அவர் உட்கார்ந்தபடியே மிதந்தார். தன்னிடம் சொல்லாமல் வளையலை அவள் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டாளா? கொடுத்துவிட்டுப் போகட்டும். கல்யாணத்துக்கு முன்னால் கன்னியாஸ்திரி மடத்தில் சேர ஆசைப்பட்டாளா? தன் பாட்டு அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதா? அல்லது, இத்தனை வருஷமும் தன்னையே பிடிக்கவில்லையா? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வேலைக்கு வந்த ஒருவனுக்கு அவர் ஆப்சென்ட் போட்டார்.

எப்படியும் கேட்டே தீர வேண்டும். முதலில் கூவுகிறவன் எவன் என்று கண்டுபிடித்து அவனை மட்டும் நீக்கினால் போதும் என்று தோன்றியது. சந்தேகம் சிவப்புச் சேவல் மேல் விழுந்தது. வளைந்த கொண்டையும் மேஸ்திரி நடையுமாக அதுதான் கொல்லையை ஆண்டுகொண்டிருந்தது. அதையும் அதன் கையாள் ஒன்றையும் கூடையில் போட்டு ஷரபுன்னிசாவிடம் கொடுத்து, பாத்திஹா ஓதி விருந்து வைக்கிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் கூடை திரும்பி வந்தது. வெறும் கூடையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்த இரண்டு வீட்டுக்கும் கிடையாது. இவர் முருங்கைக்காய் அனுப்பினால் அவர்கள் அதே தட்டில் வட்டிலப்பம் அனுப்புவார்கள். அந்த மரியாதைப்படி இப்போது கூடைக்குள் ஒரு தாய்க்கோழியும் ஒன்பது குஞ்சும் இருந்தன. "உங்க வீட்ல பெட்டை கம்மியா இருக்குண்ணே, அதான்" என்றாள் ஷரபுன்னிசா. ஒன்பதில் எத்தனை சேவல் என்று இவருக்கு எப்படித் தெரியும்? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

சிவப்பன் போன மறுநாளும் அதே குரல், அதே இடம், அதே சுருதி. ஸ்தனிஸ்லாஸ் படுக்கையில் உட்கார்ந்து யோசித்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரயில்வேயில் ஒரு போர்மன் ஓய்வு பெற்றால் அடுத்த நாளே சீனியாரிட்டிப்படி அடுத்தவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, போனவன் போட்ட அதே அதட்டலைப் போடுவான். கொல்லையிலும் அதேதான் நடந்திருக்கிறது. பதவிதான் கூவுகிறது, ஆள் யாராக இருந்தால் என்ன.

அப்படியானால் புதிதாகப் பதவி ஏற்றவன் யார் என்று பார்க்க வேண்டும். ஒருநாள் பாங்கு சொல்வதற்கு வெகு முன்பே எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொல்லை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மலைக்கோட்டைப் பக்கம் வானம் சாம்பலாகி, வெள்ளியாகி, மஞ்சளாயிற்று. பள்ளிவாசலில் பாங்கு முடிந்தது. பொன்மலைச் சங்கும் ஊதிவிட்டது. ஒரு சேவல்கூட வாயைத் திறக்கவில்லை. அவர் மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன, எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி. அதிகாரி எதிரில் நின்றால் எவன் சேட்டை செய்வான் என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். அன்று தூங்காததால் கனவும் இல்லை. ஒருநாள் அவளைப் பார்க்காததே அவருக்குச் சாப்பாடு இறங்காமல் செய்தது.

பிறகு அந்தோணியாரிடம் போனார். செவ்வாய்க்கிழமைதோறும் கோவிலில் ஜனங்கள் நேர்ந்துவிடுகிற கோழி, சேவல்களைப் பூசை முடிந்ததும் உபதேசியார் ஏலம் விடுவார். ஐந்து சேவல்களைக் காலைக் கட்டி எடுத்துப்போய்ச் சமர்ப்பித்தார். கட்டை அவிழ்த்து நிறுத்தியதுதான் தாமதம், ஐந்தும் பீடத்துப் படியிலேயே சண்டையைத் தொடங்கின. ஏலம் கேட்க வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

உபதேசியார் குரலை உயர்த்தினார். "காலஞ்சென்ற லூர்துராணி அம்மாள் பேரில் அவர் கணவர் ஸ்தனிஸ்லாஸ் அவர்கள் நேர்ந்துகொண்ட சேவல் ஐந்து. கேக்குறவங்க கேக்கலாம்."

யாரும் கேட்கவில்லை. உபதேசியார் இரண்டாம் தரமும் சொன்னார். லூர்துராணி என்ற பெயர் அந்த முற்றத்தில் கேட்பாரில்லாமல் நின்றது. மூன்றாம் தரம் சொல்ல அவர் வாயெடுத்தபோது ஸ்தனிஸ்லாஸால் தாங்க முடியவில்லை. கையைத் தூக்கிவிட்டார். ஏலம் எடுத்தவருக்கே விலைபோகாத மிச்சத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது அந்தக் கோவில் சம்பிரதாயம். ஐந்து சேவலோடு போனவர் ஏழு சேவலோடு திரும்பினார். கொல்லையில் மறுபடியும் பதினொன்றாகிவிட்டது.

அந்த வாரம் லூர்துராணி இன்னும் கொஞ்சம் பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். பொறுக்கிய கல்லை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கல் வெதுவெதுவென்று இருந்தது. அடுத்த வார்த்தைக்கு அவள் உதடு பிரிந்தது. கூவல்.

விழித்தபோது கை மூடியபடியே இருந்தது. திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. அவர் அழுதார் என்பதை மறைப்பதற்கில்லை. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு, ஒரு முடிவோடு நேரே பாய் வீட்டுக்குப் போனார்.

பாய் வீட்டில் மகள் ஜஹானாராவின் நிக்காஹ் அடுத்த வெள்ளிக்கிழமை நடக்க இருந்தது. வீடு முழுக்க ஜனம்.

"தங்கச்சி, என் சேவல் பதினொண்ணும் உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு. ஒண்ணுகூட எனக்கு வேணாம்" என்றார். தாய்க்கோழியும் குஞ்சுகளும் மணப்பெண்ணுக்குச் சீர் என்றார். இந்தத் தடவை கூடை திரும்பி வரக்கூடாது என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஷரபுன்னிசாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எல்லாத்தையும் குடுத்துட்டா சத்தம் நின்னுடும்னு நினைக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"நிக்காம? கூவுறதுக்குச் சேவல் வேணாமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாய் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். கல்யாண வீட்டுக் கவலை என்று ஸ்தனிஸ்லாஸ் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விருந்தில் அவர் நெய்ச்சோறும் தாளிச்சாவும் மட்டும் சாப்பிட்டார். கறிச் சட்டி பக்கத்தில் வந்தபோது கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொல்லை விசாலமாக இருந்தது. நான்கு பெட்டைகளும் நெடுநாளைக்குப் பிறகு நடுமுற்றத்தில் மண்ணைக் கிளறிக் குளித்துக்கொண்டிருந்தன. அந்த நிம்மதியைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. சட்டையைத் துவைத்து உலர்த்தி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து மனைவி வருகிற நாளைப்போல ஆயத்தம் செய்துகொண்டு படுத்தார்.

அவள் வந்தாள். முறத்தில் அன்று அரிசி இல்லை. முருங்கைப் பூ முறம் நிறைய இருந்தது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அமைதியில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவர் உட்கார்ந்தார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உயிரோடு இருந்த காலத்தில்கூட அவள் வேலையை நிறுத்திவிட்டுப் பேசியதில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது. முன்னாடியே சொல்லியிருக்கணும். நான்..."

அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். வேண்டாம் என்றும் தோன்றியது, சொல் என்றும் தோன்றியது. அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கூவல் எழுந்தது. எப்போதையும்விட உரக்க, எப்போதையும்விட நீளமாக எழுந்தது.

எழுந்து கொல்லைக்கு ஓடினார். பெட்டைகள் நான்கும் விழித்து உட்கார்ந்திருந்தன. சேவல் இல்லை. மரத்தில் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், அமிர்தராஜ் செய்த பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மறுநாளும் அதே இடத்தில் கூவியது. ஏணி வைத்து ஓட்டின் மேல் ஏறிப் பார்த்தார். மூன்றாம் நாளும் கூவியது. எவன் வீட்டுச் சேவலோ சுவர் ஏறி வந்து கூவிவிட்டு ஓடிப்போகிறது. கண்டுபிடித்து அவன் காலில் விழுந்தாவது கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று, கலைந்த தலையும் அவிழ்ந்த வேட்டியுமாக வாசலுக்கு வந்தார்.

மூக்கன் கறந்துகொண்டிருந்தான்.

"மூக்கா, நீ தினம் இந்த நேரத்துக்கு இங்கதானே இருக்க. என் சேவலெல்லாம் போயிடுச்சு, ஆனா சத்தம் மட்டும் போகல. அவ பேச வர்ற நேரம் பார்த்துக் கரெக்டா வந்து நிறுத்திப்புடுது. அது எந்த வீட்டுச் சேவல்னு உனக்குத் தெரியுமா? நீ கேட்டிருப்பியே."

மூக்கன் கறப்பதை நிறுத்தினான். செம்பைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான். பாய் வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லச் சாத்திக்கொண்டது.

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் தெருவுல யாரும் சொல்லலைங்கய்யா," என்றான் மூக்கன். "ஒரு வருஷமா தினம் முதல்ல கூவுறது நீங்கதாங்க. அதுங்க பாவம், உங்களுக்குப் பதில்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சுங்க."